நடை சாத்திய பிறகு சங்கரன்கோவிலில் எங்கே போவது?

சங்கரநாராயணர் கோயில் கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் வருகிறவர்களைப் பற்றி அரசாங்கம் நன்றாகவே கவலைப்படுகிறது. தென்காசி மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஊரின் எல்லைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கின்றன. சிறப்புப் பேருந்துகள், குடிநீர்த் தொட்டிகள், மருத்துவ முகாம், திரும்பிய பக்கமெல்லாம் காவலர்கள். கொடியேறும் முன்பே அதிகாரிகள் கூடிப் பேசி, எந்தத் தெரு எந்தப் பக்கம் ஒருவழி என்பதுவரை முடிவுசெய்து விடுகிறார்கள். லட்சக்கணக்கான மக்கள் ஒரே மாலையில் தபசுக் காட்சிக்குக் கூடுகிற ஊரை ஆண்டுதோறும் சமாளித்துக் காட்டுவது சாதாரணக் காரியமல்ல. அதற்கு உரிய பாராட்டு அவர்களுக்குச் சேர வேண்டும்.

ஆனால், தபசு முடிந்து கொடி இறங்கிய மறுவாரமும் ஆட்கள் வருகிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து மாவிளக்குப் போட வருகிறார்கள். சிவகாசியிலிருந்து குழந்தைக்கு முடியெடுக்க வருகிறார்கள். வீட்டுக்குள் பாம்பைப் பார்த்த பயத்தில் புற்றுமண் வாங்கிப்போக வருகிறார்கள். குற்றாலத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார்கள். பிரியாணிக்காகவே வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்காக எந்தக் கூட்டமும் நடப்பதில்லை.

வந்தவரை ஓர் ஊர் எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைத் திருவிழா நாளில் அளக்க முடியாது. ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 12.30 மணியளவில் நடை சாத்தியதிலிருந்து மாலை 4 மணியளவில் மறுபடி திறக்கும்வரை உள்ள மூன்றரை மணி நேரத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்த மூன்றரை மணி நேரத்துக்கு வெளியூர்க்காரருக்கு இந்த ஊர் என்ன தருகிறது? சங்கரன்கோவிலின் சுற்றுலாக் கேள்வி முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

விடியலில் இறங்கும் குடும்பம்

சென்னை எழும்பூரில் இரவு புறப்படும் பொதிகை விரைவு வண்டி, விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக விடிகாலையில் சங்கரன்கோவிலைத் தொட்டுச் செங்கோட்டைக்குப் போகிறது. மாலையில் அங்கிருந்து கிளம்பி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பவும் இந்த நிலையத்துக்கு வருகிறது. ஆகவே, தாம்பரத்தில் ஏறி இங்கே இறங்கும் ஒரு குடும்பம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் இந்த ஊரில் இருக்கப்போகிறது. பாட்டி, மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கையில் நாலு பை. பாட்டிக்கு முழங்கால் வலி.

அவர்களுடைய முதல் தேவை சாமி இல்லை, கழிப்பறை. இரண்டாவது குளியல். ரயிலில் படுத்து வந்த உடம்போடு கோயிலுக்குள் நுழையப் பாட்டிக்கு மனம் வராது. மூன்றாவது, பைகளை வைக்க ஓரிடம். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் மீதி நாள் தானாக ஓடிவிடும். கிடைக்காவிட்டால், இரண்டு மணி நேரக் குளியலுக்காக லாட்ஜில் ஒரு நாள் வாடகை கொடுக்க வேண்டும். அல்லது, வரிசையில் நிற்கும்போது ஒருவர் வெளியே பைக்குக் காவல் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பாட்டியாகத்தான் இருப்பார். வேண்டுதல் வைத்து வந்தவரே அவர்தான்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஆட்டோ. மீட்டர் போட்டு ஓடும் ஆட்டோவைச் சிறு ஊர்களில் தேடக் கூடாது. சென்னையில் 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணமே மீட்டரை விட்டு இறங்கி வந்து பேரமாகிவிட்டது. சிறு ஊர் ஓட்டுநர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அவருக்குக் கிடைக்கும் சவாரி குறைவு. திரும்பும்போது காலியாகத்தான் வர வேண்டும். ஆனால், நிலையத்திலிருந்து கோயிலுக்கு இவ்வளவு, பேருந்து நிலையத்துக்கு இவ்வளவு என்று நகராட்சியும் ஆட்டோ சங்கமும் பேசி, ஒரு பலகையில் எழுதி வைத்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. பேரம் பேசத் தெரியாதவர் ஏமாந்ததாக நினைக்க மாட்டார். நியாயமாகக் கேட்கிற ஓட்டுநர் வீண்பழி சுமக்க மாட்டார்.

இந்த ஊரின் அமைவிடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிப் போய்விடுகிறது. சங்கரன்கோவில் அதற்குக் கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. திருநெல்வேலிக்கு இங்கிருந்து நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில்தான் போவேன் என்றால் தென்காசியைச் சுற்றிப் போக வேண்டும். ஆகவே இந்த ஊருக்கு வரவும் போகவும் பேருந்துதான் உயிர்நாடி. திருநெல்வேலி, கோவில்பட்டி, ராஜபாளையம், தென்காசி என்று நாலா திசையிலிருந்தும் வரும் சாலைகள் இங்கே கூடுகின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் யாரிடமும் கைநீட்டாமல் கோமதி அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குச் சின்ன விஷயமல்ல. அவர்களைத் தடுத்து நிறுத்துவது இப்போது காசு இல்லை. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரியாததுதான். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளரிடம் கேட்டால் சொல்வார். அவர் இருக்கையில் இல்லாதபோது யார் சொல்வார்கள்?

பார்க்க இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை

கோயிலுக்குள் வருவோம். 125 அடி உயர ஒன்பது நிலை ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் மூன்று சன்னதிகள். ஒரு பக்கம் சங்கரலிங்கம், மறுபக்கம் கோமதி அம்மன், இடையில் சங்கரநாராயணர். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டையிட்டார்களாம். அம்மனிடம் முறையிட்டார்கள். அம்மன் தவமிருந்து, இருவரும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்று வரம் கேட்டாள். பாதி உடலில் சடையும் பாம்பும் மழுவும், மீதி உடலில் கிரீடமும் சங்குமாகச் சாமி வந்து நின்றார். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று இந்தத் தபசுதான் தெருவில் நடக்கிறது. தபசு மண்டபத்தில் அம்மன் காத்திருக்க, மாலையில் சங்கரநாராயணராக ஒரு காட்சி, இரவில் சங்கரலிங்கமாக இன்னொரு காட்சி. விளைந்த பருத்தியையும் வத்தலையும் தானியத்தையும் சம்சாரிகள் சூறைவிடுவார்கள். சண்டையை நிறுத்துவதற்கு ஒரு பெண் தவம் கிடந்தாள் என்பதைப் பன்னிரண்டு நாள் விழாவாகக் கொண்டாடும் ஊர் இது.

இந்தக் கதை நெல்லைச் சீமையில் பிறந்தவருக்குச் சொல்லாமலே தெரியும். இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கோமதியோ, ஆவுடையம்மாளோ, சங்கரநாராயணனோ இருப்பார்கள். சென்னையிலிருந்து வந்த பத்து வயதுப் பேரனுக்கு? அவன் பார்ப்பது கூட்டம், கம்பித் தடுப்பு, தட்டில் விழும் காசு. புற்றுமண்ணைப் பாட்டி ஏன் நெற்றியில் பூசுகிறாள், நாகசுனையை ஏன் குனிந்து பார்க்கிறார்கள், பாம்பும் தேளும் பொறித்த வெள்ளித் தகடுகளை ஏன் வாங்கி உண்டியலில் போடுகிறார்கள் என்பதற்கெல்லாம் அவனுக்கு விடை வேண்டும். வயலிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்த ஒரு சமூகம் தன் அன்றாடப் பயத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைத்தது என்ற வரலாறு அந்தத் தகடுகளில் இருக்கிறது. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரை வெள்ளைக்காரர்கள் கைதுசெய்து கூட்டிப்போகும்போது, அம்மனை வழிபட வேண்டும் என்று இங்கே வந்தவர், விலங்கு தெறிக்க மறைந்துபோனார் என்று ஊரார் சொல்வார்கள். அவர் பெயரில் ஓர் அறையே கோயிலில் இருக்கிறது. அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்?

சாமி கும்பிட வந்தவருக்கு அருங்காட்சியக விளக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொரு முக்கிய இடத்திலும் நான்கு வரிப் பலகை, எளிய தமிழில். அவ்வளவுதான். கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்காக அதன் அடியில் மலையாளத்திலும் எழுதலாம். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விடுமுறை நாட்களில் காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம் கோயிலைச் சுற்றிக் காட்டச் சொல்லலாம். உள்ளூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரைத் தாங்களே படிப்பதற்கும் அது வழி.

இரண்டு பந்திகள்

இந்த ஊருக்கு இரண்டு புகழ். ஒன்று கோமதி அம்மன். மற்றொன்று மட்டன் பிரியாணி. சுல்தான் பிரியாணி என்றால் மதுரையிலும் திருநெல்வேலியிலும் சங்கரன்கோவில் என்று சட்டென்று சொல்லுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கென்றே கார் எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலமானால் புரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தமும் சால்னா வாசமும் தென்காசிச் சீமை முழுவதற்கும் பொது.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. விரதத்தோடு வந்தவர் காலையில் இட்லி, மதியம் சாப்பாடு என்று சைவ ஓட்டலில் முடித்துக்கொண்டு கிளம்புகிறார். பிரியாணிக்கு வந்தவர் கையைக் கழுவியதும் காரைத் திருப்புகிறார். கோபுரத்தை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார். இருவருமே ஊரைப் பார்க்கவில்லை. இங்கே விசைத்தறி ஓடுகிறது, சேலை நெய்கிறார்கள். பூச்சந்தையில் மல்லிகைக்கு என்ன விலை என்பது முகூர்த்த காலத்தில் பத்திரிகைச் செய்தி. தறிக்கூடத்தை ஒரு வெளியூர்க்காரர் எட்டிப் பார்க்கவும், நெய்த இடத்திலேயே ஒரு சேலை வாங்கவும் ஏற்பாடு இருந்தால் யாருக்கு நஷ்டம்? வந்தவர் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் பூக்கட்டும் பெண்மணிக்கும் தறிக்காரருக்கும் டீக்கடைக்கும் அதில் பங்கு உண்டு. மதியமே கிளம்பிவிட்டால் பேருந்துக் கட்டணம் மட்டும்தான் மிச்சம்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது ருசியை அல்ல. அதில் இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கவனிக்க வேண்டியவை மூன்று: வாசலில் தெரியும்படி விலைப்பட்டியல், நம்பிக் குடிக்கத் தண்ணீர், பெண்கள் தயங்காமல் போகிற மாதிரி ஒரு கழிப்பறை. கோயில் ஊர் ஓட்டல்களில் இந்த மூன்றாவது இருக்கிறதா என்று கேட்டாலே போதும், நாட்டின் பாதி சுற்றுலாக் கொள்கை அம்பலமாகிவிடும். வெளியூர் போகிற பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறார்கள். அது விரதமில்லை.

மூன்றரை மணி நேரம்

இப்போது மதியம் 12.30. நடை சாத்தியாயிற்று. பொதிகைக் குடும்பம் காலையிலேயே தரிசனம் முடித்துவிட்டது. சுற்றுக் கிராமத்திலிருந்து தாமதமாக வந்தவர்களுக்குத் தரிசனமே கிடைக்கவில்லை. இந்த இரு தரப்பாரும் நான்கு மணிவரை எங்கே இருப்பது?

நடை சாத்துவதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கோயிலின் முறை. சாமிக்கும் ஓய்வு வேண்டும், அர்ச்சகருக்கும் ஓய்வு வேண்டும். நான் கேட்பது, சாமி ஓய்வெடுக்கும்போது பக்தருக்கும் ஓர் இடம். மின்விசிறி ஓடும் கூடம், படுக்கப் பாய், பிள்ளைக்குப் பால் கொடுக்க மறைவு, பூட்டி வைக்கும் அலமாரி, கழிப்பறை. புதிதாகக் கட்டக்கூடத் தேவையில்லை. கோயில் ஊர்களில் சமுதாய மடங்களும் மண்டபங்களும் திருமணக் கூடங்களும் இருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவை பூட்டித்தான் கிடக்கும். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமுதாயத்தின் மண்டகப்படி என்று பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த மக்கள், மதிய நேரத்து மண்டபத்தையும் முறைவைத்துத் திறந்துவிட முடியும். அன்னதானத்துக்கு நன்கொடை கொடுப்பதுபோல, நிழலுக்கும் கழிப்பறைக்கும் நன்கொடை கொடுக்கலாம் என்ற எண்ணத்தை யாராவது முதலில் தொடங்கி வைக்க வேண்டும்.

இது ஒன்றும் புதிய யோசனையில்லை. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயர் கோட்டை கொத்தளத்தால் நிற்கவில்லை. சாலையாலும் சத்திரத்தாலும் நிற்கிறது. அந்தக் காலத்து வழிப்போக்கருக்கு சாலையோர மரம், குளம், சத்திரம், தண்ணீர்ப் பந்தல், தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் என்று ஒரு வரிசை இருந்தது. நடந்து வருகிறவருடைய உடம்புக்கு என்னென்ன தேவை என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. பேருந்து வந்ததும், இனி யாரும் வழியில் தங்க வேண்டியதில்லை என்று நினைத்து அதையெல்லாம் கைவிட்டோம். உடம்பின் தேவை மட்டும் மாறவில்லை.

ஒரு பேருந்து போதும்

மதியத்தை நிரப்ப இன்னொரு வழி, சுற்றியுள்ள இடங்கள். சங்கரன்கோவிலைச் சுற்றி இருப்பவற்றை ஒரு பெரிய நகரம் வைத்திருந்தால் வாரக்கணக்கில் விளம்பரம் செய்திருக்கும்.

கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கழுகுமலை. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, பாதியில் நிறுத்திய 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். பக்கத்திலேயே சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். கீழே முருகன் கோயில். அந்த முருகன்மேல் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளம் இந்தச் சங்கரன்கோவில் வட்டாரத்து ஊர்தான். மேற்கே நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் நினைவிடம். வடக்கே, ராஜபாளையம் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயில்.

இவற்றோடு தென்பாண்டிச் சீமையின் பஞ்சபூதத் தலங்கள் என்ற வரிசையும் இருக்கிறது. மண்ணுக்குச் சங்கரன்கோவில், நெருப்புக்குக் கரிவலம்வந்தநல்லூர், நீருக்குத் தாருகாபுரம், காற்றுக்குத் தென்மலை, ஆகாயத்துக்குத் தேவதானம். காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளஹஸ்தி, சிதம்பரம் என்று மாநில எல்லையையும் தாண்டிப் பல நாள் சுற்ற வேண்டியதை, இங்கே ஒரே நாளில் முடித்துவிடலாம். சிவராத்திரியன்று வேன் பிடித்து ஐந்தையும் பார்க்கிற வழக்கம் பலருக்கு உண்டு. சொந்த வண்டி இல்லாதவருக்கு, மற்ற நாட்களில் இந்த ஐந்தையும் பேருந்து மாறி மாறிப் பார்க்க ஒரு நாள் போதாது.

அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு இது தெரியாத வித்தையில்லை. கும்பகோணத்திலிருந்து ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் சிறப்புப் பேருந்தை 2024 பிப்ரவரியில் 750 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கினார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். சங்கரன்கோவிலுக்கும் அதே கோட்டம், அதே ஓட்டுநர்கள். ஞாயிறும் விடுமுறை நாளும் மட்டும் சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு சுற்று விடலாம். ஒன்று, காலை நடை திறப்பை ஒட்டிக் கிளம்பும் பஞ்சபூதச் சுற்று. எல்லாக் கோயிலும் மதியம் சாத்திவிடும் என்பதால், எங்கே எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு ஓட்ட வேண்டும். மற்றது, வெயில் தணியத் தொடங்கும் நேரத்தில் கழுகுமலைக்குப் போய்ப் பொதிகைக்கு முன்னால் திரும்பும் சுற்று. வெட்டுவான் கோயில் வழிபாடு நடக்காத நினைவுச்சின்னம். உச்சிக்காலத்துக்கு நடை சாத்தும் பிரச்சினை அங்கே இல்லை. ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ஆள் ஏறாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். இருக்கிற வண்டியை வைத்துச் செய்து பார்ப்பதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

புகார் சொல்லாதவர்கள்

இவ்வளவு சுலபமானது ஏன் நடப்பதில்லை? காசு இல்லாததால் என்று நான் நினைக்கவில்லை. யாரும் புகார் சொல்லாததால்.

பெருநகரத்துக்குப் போகிற சுற்றுலாப் பயணி நட்சத்திரம் போடுகிறார், படம் எடுத்துப் போடுகிறார், காசு திரும்பக் கேட்கிறார். நகரமும் பயப்படுகிறது. சென்னையில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு தரும் ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. கோயிலுக்கு வருகிற பக்தர் அப்படியில்லை. வெயில் சுட்டால், நேர்த்திக்கடன் என்கிறார். வரிசை நீண்டால், அம்மன் சோதிக்கிறாள் என்கிறார். பேருந்து வராவிட்டால், வந்த காரியம் முடிந்ததே, அது போதும் என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார். கஷ்டப்பட்டால்தான் பலன் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் நிழலில் நிர்வாகம் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இரண்டு கஷ்டமும் ஒன்றல்ல. கொடியேறியதும் கோயிலை 108 முறை ஆடிச்சுற்றுச் சுற்றுகிறார்களே, அது பக்தர் தானாக ஏற்றுக்கொண்டது. முழங்கால் வலியோடு பாட்டி அதைச் சுற்றினால் யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கழிப்பறை தேடி நாலு ரதவீதியையும் சுற்ற வைப்பது அவர்மேல் நாம் சுமத்தியது. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்தக் கூடாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆட்கள் கூடினால் ரதவீதிகளில் நெரிசல் கூடும்; வாடகை ஏறும்; ஊரின் நிதானம் போய்விடும் என்று உள்ளூர்க்காரர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சுற்றுலாவால் பெருத்த ஊர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் கேட்பது புதிதாகக் கூட்டம் சேர்ப்பதை அல்ல. ஏற்கெனவே வருகிறவர்களை ஒழுங்காக வைத்துக்கொள்வதை. உட்கார இடம் கிடைத்தால் தெருவை அடைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பேருந்து நேரம் தெரிந்தால் நிலையத்தில் குவிய மாட்டார்கள். பொதுப் பேருந்து இருந்தால் ஆளுக்கொரு காரோடு வர மாட்டார்கள். வந்தவருக்கு வசதி செய்தால் முதலில் மூச்சுவிடப்போவது ஊர்க்காரர்தான்.

நான்கு அலுவலகங்கள்

திருச்செந்தூரில் தனியார் நன்கொடையும் அறநிலையத் துறைப் பணமுமாக 300 கோடி ரூபாயில் பெருந்திட்டம் நடந்து, 2025 ஜூலையில் குடமுழுக்கு ஆயிற்று. பெரிய கோயிலுக்குப் பெரிய திட்டம் தேவைதான். சங்கரன்கோவிலுக்கு அதில் மிகச் சிறிய பங்குகூட வேண்டியதில்லை. சிறிய காரியமே போதும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஸ்பெயினில் சாந்தியாகோ நகருக்கு நடந்து போகும் பழைய கிறித்துவ யாத்திரைப் பாதை ஒரு காலத்தில் மறந்துபோயிருந்தது. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலீஞா, 1980-களில் மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டார். இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் அந்த அம்புக்குறியைப் பார்த்து நடக்கிறார்கள். வழி தெரியாதவருக்கு முதலில் வேண்டியது திசை. அதற்குப் பெரும்பணம் ஆகாது.

சங்கரன்கோவிலில் பயணியின் ஒரு நாள் நான்கு அலுவலகங்களுக்கு இடையில் கிழிந்து கிடக்கிறது. ரயில் நிலையம் ரயில்வேக்கு. பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு. தெருவும் கழிப்பறையும் நகராட்சிக்கு. கோயில் அறநிலையத் துறைக்கு. ஒவ்வொருவரும் தத்தம் வாசல்வரை சரியாகச் செய்வதாகச் சொல்லலாம். பயணி விழுவது ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவில். ஆடித்தபசுக்கு மட்டும் இந்த நான்கு பேரையும் ஆட்சியர் ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்; அந்த நாள் சரியாக நடந்துவிடுகிறது. திறமை இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே கோரிக்கை எளிது. தென்காசி மாவட்டம் பிறந்து, 2019 நவம்பரிலிருந்து ஆட்சியர் அலுவலகம் பக்கத்திலேயே வந்துவிட்டது. இனி திருநெல்வேலிவரை மனுக் கொண்டுபோக வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில், மதியம் 12.30 மணிக்கு அந்த நான்கு அலுவலகத்தின் பொறுப்பாளர்களும் சங்கரன்கோவிலில் கூடட்டும். குளிரூட்டிய அறையில் வேண்டாம். ரயில் நிலையத்தில் தொடங்கி, பேருந்து நிலையம் வழியாகக் கோயில் வாசல்வரை, கையில் ஒரு பையோடு நடக்கட்டும். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, பையை எங்கே வைப்பது, கடைசிப் பேருந்து எப்போது, நான்கு மணிவரை எங்கே உட்காருவது என்ற ஐந்து கேள்விகளுக்கும் யாரையும் கேட்காமல், சுவரில் எழுதியிருப்பதைப் படித்தே விடை கண்டுபிடிக்க வேண்டும். விடை கிடைக்காத கேள்விக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் சரிசெய்யும் என்பதை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அடுத்த முறை கூடும்போது முதல் வேலையாக அந்தத் தாளைப் படிக்கட்டும்.